உள்ளங்காலையும் பாருங்கள்: வீட்டிலேயே தோலைச் சோதிக்க ஆறு படிகள்

சித்திரை வெயில் ஏறினால் மதுரை ஆனையூரில் வேர்க்குருவோ படர்தாமரையோ எட்டிப்பார்க்காத வீடு குறைவு. அரித்தால் சொறிகிறோம், மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்குகிறோம். அரிக்காத, வலிக்காத புள்ளியை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கவனிக்க வேண்டியதே அதுதான்.

கறுத்த தோலுக்குப் புற்று வராது என்று பலர் நம்புகிறார்கள். வெயிலால் வரும் தோல் புற்று நமக்குக் குறைவு என்பது உண்மை. ஆனால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும் மெலனோமா என்ற தோல் புற்றுக்கு வெயில் காரணமில்லை, நிறமும் அதைத் தடுக்காது. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால்விரல் நகத்தடியில்தான் அது கண்டறியப்பட்டது. 1981-ல், 36 வயதில், அவர் இறந்துபோனார்.

1. சாதாரண நோய்களை அடையாளம் காணுங்கள்

வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து, அரித்துக்கொண்டே பரவினால் பெரும்பாலும் படர்தாமரை. விரலிடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் இரவில் அரிப்பு கூடி, வீட்டில் பலருக்கும் இருந்தால் சிரங்கு. அதற்கு வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். வெளிறிய தேமலில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

2. களிம்பை நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள்

ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை இரண்டு நாளில் அடக்கும். ஆனால் படர்தாமரை உள்ளுக்குள் பரவும், தோலும் மெலியும். 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. டாக்டர் எழுதித் தரும் மருந்தை அவர் சொன்ன நாள் வரை போடுங்கள், அரிப்பு நின்றதும் நிறுத்தாதீர்கள்.

3. மாதம் ஒருமுறை உடல் முழுவதும் பாருங்கள்

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். நல்ல வெளிச்சத்தில் முகம், காதுமடல், உச்சந்தலை, கை, இடுப்பு, கால் என்று வரிசையாகப் பாருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், விரலிடுக்கு, நகம் எதையும் விடாதீர்கள். முதுகை வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். சந்தேகப்படும் புள்ளியைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து செல்போனில் படமெடுத்துக்கொண்டால், அடுத்த மாதம் ஒப்பிட வசதி.

4. மச்சத்திடம் ஐந்து கேள்விகள்

இரு பாதியும் ஒத்திருக்கிறதா? ஓரம் சீராக இருக்கிறதா? நிறம் ஒன்றுதானா? 6 மில்லிமீட்டருக்கு மேல் போய்விட்டதா? சமீபத்தில் மாறியதா? இவற்றில் மாற்றமே முக்கியமானது. நகத்தில் கறுப்புக் கோடு பல விரல்களில் இருந்தால் பெரும்பாலும் இயல்பு. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி, அகலமாகி, நகத்தைச் சுற்றிய தோலுக்கும் கறுப்பு பரவினால் காத்திருக்காதீர்கள்.

5. ஆறாத புண்ணையும் பழைய தழும்பையும் கவனியுங்கள்

ஒரு மாதமாகியும் ஆறாத புண், ஆறி ஆறி மறுபடி ரத்தம் கசியும் புண், மூக்கிலோ கண்ணோரத்திலோ மெல்ல வளரும் பளபளப்பான கறுத்த கட்டி ஆகியவற்றை டாக்டரிடம் காட்டியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் தீப்பட்ட தழும்பில் புதிதாகப் புண் வந்தாலும் அப்படியே. வேட்டி இறுக்கும் இடுப்புத் தடத்தில் வரும் புற்றை 1945-லேயே கானோல்கர் என்ற மும்பை ஆய்வாளர் பதிவு செய்தார். பாவாடை நாடாவின் தடத்திலும் பின்னர் கண்டிருக்கிறார்கள். நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள், அகலமான பட்டி இன்னும் நல்லது.

6. கைவைத்தியம் வேண்டாம், நேரே போங்கள்

மருவிலோ மச்சத்திலோ சுண்ணாம்பும் சோடாவும் வைப்பது, முடியால் கட்டி அறுப்பது இரண்டும் வேண்டாம். புற்றாக இருந்தால் அடையாளம் அழிந்து, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். மதுரை கோரிப்பாளையம் அருகே அரசு இராசாசி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. சதைப் பரிசோதனை என்றதும் பயப்பட வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துணுக்கு எடுப்பார்கள், அவ்வளவுதான். கத்தி பட்டால் புற்று பரவும் என்பது பொய்.

தோல் புற்று கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வருகிறது. ஆரம்பத்தில் வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியின் பாதங்களை இந்த ஞாயிற்றுக்கிழமையே பாருங்கள். அவர்களாகக் காட்ட மாட்டார்கள், நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.