உயரமா, ஆழமா? – சிலந்திக்கும் தேளுக்கும் ஒரு வீடு



மீனுக்குக் கண்ணாடித் தொட்டி, புறாவுக்கு மரக்கூண்டு – இவற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அகலமுள்ள டரான்டுலா சிலந்திக்கும், அரையடி நீளமுள்ள தேளுக்கும் எத்தகைய வீடு வேண்டும்? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றை வளர்ப்போர் பலர். பெரிய கூண்டே நல்ல கூண்டு என்று நாம் எண்ணுவோம். ஆனால் இவற்றுள் சிலவற்றுக்கு உயரமான கூண்டு எமனாகிவிடும்!

விழுந்தால் என்ன ஆகும்?

மெக்சிகோவின் பசிபிக் கடற்கரைப் பகுதியில் வாழும் செம்முட்டி டரான்டுலா, தரையில் வளை அமைத்து வாழ்வது. கால்களை விரித்தால் சுமார் 14 செ.மீ. இருக்கும். பெண் சிலந்தி 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும்.

சிலந்தியின் கால்களை மடக்கத் தசைகள் உண்டு. ஆனால் முக்கியமான இரு மூட்டுகளில் காலை நீட்டத் தசை கிடையாது. மண் வாரும் இயந்திரத்தின் கை எண்ணெய் அழுத்தத்தால் நீள்வதுபோல, உடலிலுள்ள இரத்தம் போன்ற திரவத்தின் அழுத்தமே கால்களை நீட்டுகிறது. இதன் வயிற்றுத் தோலோ மிக மெல்லியது. ஓரடி உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு வெடித்துவிடலாம். திரவம் கசிந்தால் அழுத்தம் குறையும், கால்கள் சுருங்கும், சிலந்தி இறந்துவிடும்.

ஆகவே மண்ணுக்கும் மூடிக்கும் இடையேயுள்ள உயரம், கால் விரிவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருத்தல் ஆகாது.

மீன்தொட்டியை மாற்றுவோம்

45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. இதைச் செம்முட்டிச் சிலந்திக்கு ஏற்றதாக்குவது எப்படி? 14 × 1.5 = 21 செ.மீ. இடைவெளி போக, 9 செ.மீ. ஆழத்துக்கு மண் வேண்டும். 45 × 30 × 9 = 12,150 கன செ.மீ.; அதாவது சுமார் 12 லிட்டர் மண். தென்னை நார்க் கழிவும் மண்ணும் கலந்து அழுத்தி நிரப்பலாம். கம்பிவலை மூடி கூடாது. கால் நகங்கள் வலையில் சிக்கிக்கொள்ளும். துளையிட்ட பிளாஸ்டிக் தகடே நல்லது.

மரத்தில் வாழ்வதற்கு?

ஆந்திராவின் கூட்டி நகர ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு நீலநிறச் சிலந்தியைக் கொண்டு 1899-இல் 'போசிலோதீரியா மெட்டாலிகா' என்று பெயரிட்டனர். அது காட்டு மரப்பொந்துகளில் வாழ்வதை 2001-இல் கண்டறிந்தனர். இத்தகைய மரச்சிலந்திக்கு உயரமான கூண்டும், செங்குத்தாக நிறுத்திய மரப்பட்டையும் வேண்டும். பக்கச் சுவர்களில் காற்றுத் துளைகளும் தேவை. காற்றோட்டமில்லாத ஈரத்தில் பூஞ்சை வளரும்.

தேள்களிலும் இரு வகை

மேற்கு ஆப்பிரிக்காவின் பேரரசுத் தேள் மழைக்காட்டில் வாழ்வது. அதற்கு ஈரமான மண்ணும் ஒளிந்துகொள்ள மரப்பட்டையும் வேண்டும். அரிசோனா பாலைநிலத்தின் பெருந்தேளோ 2.5 மீட்டர் ஆழம் வரை வளை தோண்டக்கூடியது. உலர்ந்த மணல் மட்டும் இட்டால் வளை சரிந்துவிடும். மணலில் களிமண் கலந்து, நனைத்து, காயவைக்க வேண்டும்.

குளிர் நாடுகளில் கூண்டைச் சூடேற்றுவார்கள். வெப்பத் தகட்டை அடியில் வைப்பது பிழை. ஏன்? வெயிலுக்குத் தப்ப இவ்வுயிர்கள் கீழ்நோக்கியே தோண்டும். அடியில் சூடிருந்தால், தப்பச் செல்லும் இடமே அடுப்பாகிவிடும் அல்லவா? ஆதலால் தகட்டைப் பக்கச் சுவரில் பொருத்த வேண்டும்.

பிடிக்கலாமா?

கூடாது! நம் நாட்டுச் செந்தேள் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. மேலும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் செம்முட்டிச் சிலந்தி 1985-இலும், போசிலோதீரியா இனங்கள் 2019-இலும் சேர்க்கப்பட்டன. 2022-இல் திருத்தப்பட்ட இந்திய வனஉயிர் பாதுகாப்புச் சட்டமும் இப்பட்டியல்களை ஏற்றுள்ளது. காட்டு மரப்பொந்தே அவற்றின் சரியான வீடு.

நீங்கள் செய்ய வேண்டியது: 10 செ.மீ. கால் விரிவுள்ள, தரையில் வாழும் சிலந்திக்கு மேலே கூறிய மீன்தொட்டியில் எவ்வளவு மண் தேவை? கணக்கிட்டு, தொட்டியின் குறுக்குவெட்டுப் படத்தையும் வரைந்து பாருங்கள்.