உளுந்தில் ஊதா நிறம் வரவில்லையா?

சுத்துக்கேணி ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் உணவுப் பரிசோதனை செய்யும்போது மாவுச்சத்தையும் கொழுப்பையும் சட்டென்று முடித்துவிடுவார்கள். தடுமாறுவதெல்லாம் புரதத்தில்தான்.

மாவுச்சத்துக்குச் சோறோ மரவள்ளிக் கிழங்கோ போதும். நன்றாக ஆறவைத்து, தண்ணீர் கலந்த அயோடினை இரண்டு சொட்டு விடுங்கள், கருநீலம் வரும். சூடாக இருந்தால் நிறம் நிற்காது. நோட்டுத் தாள்மேல் வைத்துச் சொட்டாதீர்கள். பல தாள்களில் மாவுச்சத்து இருப்பதால் தாளே நீலமாகிவிடும். பீங்கான் தட்டுதான் சரி. கொழுப்புக்கு மல்லாட்டைப் (நிலக்கடலை) பருப்பைத் தாளில் வைத்து நசுக்கி, காயவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காய்ந்த பிறகும் ஒளி ஊடுருவுகிற கறை நின்றால் அது எண்ணெய்.

இனி புரதம். அது இருந்தால் ஊதா நிறம் வரும், அதற்கு இரண்டு கரைசல் வேண்டும். 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கரைசல். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் காஸ்டிக் சோடா இன்னொன்று. சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாமேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். இதைப் பெரியவர்களே கரைக்கட்டும், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, சோடா அதை அரித்துவிடும்.

தோல் நீக்கிய உளுந்தை ஊறவைத்து அரைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாத மாவில் நிறமே தெரியாது. சோதனைக் குழாயில் அந்த நீரை ஓர் அங்குலம் எடுத்து, சோடாக் கரைசல் பத்துச் சொட்டு விட்டுக் கலக்கிய பிறகு துத்தக் கரைசல் இரண்டே சொட்டு. இங்கேதான் கை நீள்கிறது. நிறம் வரவில்லையே என்று துத்தத்தைக் கூட்டக் கூட்ட நீல வண்டல் திரண்டு ஊதாவை மறைத்துவிடும். கூட்டாதீர்கள், சில நிமிடம் பொறுங்கள்.

நீலமா ஊதாவா என்று சண்டை வராமலிருக்க, எப்போதும் மூன்று குழாய் வையுங்கள்: ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் தண்ணீர் கலந்த முட்டை வெள்ளைக்கரு, ஒன்றில் உளுந்து. மூன்றிலும் ஒரே அளவு சொட்டு விட்டு, பின்னால் வெள்ளைத்தாள் பிடித்துப் பாருங்கள். முட்டைக் குழாயிலேயே ஊதா வரவில்லை என்றால் உளுந்தைக் குறை சொல்லாதீர்கள், கரைசலை மாற்றுங்கள்.

வீட்டிலிருந்து சாம்பார்ப் பருப்பைக் கொண்டுவருவது பிள்ளைகளின் வழக்கம். வேண்டாம். அதிலுள்ள மஞ்சள் தூள் சோடா பட்டதும் செம்பழுப்பாகி எல்லாவற்றையும் குழப்பிவிடும். மஞ்சள் சேர்க்காத பருப்பே வேண்டும்.

நிறம் வந்தால் புரதம் உண்டு என்பது மட்டுமே தெரியும். எத்தனை கிராம் என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

துத்தம் நஞ்சு, சோடா தோலைப் பொசுக்கும். சோதித்த உணவை வாயில் வைக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள்.