சட்டங்கள் பெருகினால் போதுமா?

தோட்டத் தொழிலாளரின் சம்பளமும் குடியிருப்பும் ஒருகாலத்தில் பெரும்பாலும் துரையின் மனத்தையும் கங்காணியின் வாக்கையும் பொறுத்தே அமைந்தன. அக்குறை நீங்கச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 1951-இல் ஊழியர் சேமநிதியும், 1955-இல் வேலைச் சட்டமும், 1969-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், 1990-இல் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டமும் வந்தன. 2023 ஜனவரி முதல் தீபகற்பத்தில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது.

இவை நன்மைகளே. ஆயினும் சட்டங்கள் பலவாகுந்தோறும் அவற்றை அறிந்தோர் சிலராகவும், பிறர் வாய்ச்சொல்லை நம்புவோர் பலராகவும் ஆகிவிடுகின்றனர். அப்போது பழைய நிலையே வேறு உருவில் திரும்புகிறது.

எல்லாச் சட்டங்களையும் நாம் மனனம் செய்ய வேண்டுவதில்லை. சில பழக்கங்கள் போதும். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துவோம். சேமநிதிக்குப் பிடித்த தொகை நம் கணக்கில் சேர்ந்துள்ளதா என ஆண்டுதோறும் பார்ப்போம். வேலையில் காயம்பட்டால், அது சிறிதாயினும், அன்றே நிர்வாகத்திடம் தெரிவிப்போம். ஐயம் எழுந்தால் தொழிலாளர் இலாகாவை நாடுவோம். எழுத்தறியாதோர் பள்ளி செல்லும் பிள்ளைகளைக் கொண்டு சீட்டை வாசிக்கச் செய்வதில் வெட்கம் ஏதுமில்லை.