குளித்த பிறகே தொட்டியில் இறங்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகியின் 'போச்சான்' (1906) நாவலில், ஆளில்லாத நேரம் பார்த்து நாயகன் வெந்நீர்த் தொட்டியில் நீச்சலடிப்பான். பிறகொரு நாள் போனால், நீந்தக் கூடாது என்று அங்கே பலகை தொங்கும். அந்தக் காட்சிக்குத் தூண்டுகோலான மத்சுயாமா நகரின் டோகோ ஒன்சென் கட்டடம் 1894-இல் எழுந்தது. அங்கே இன்றும் குளிக்கிறார்கள். போச்சானுக்கான அந்த எச்சரிக்கைப் பலகையையும் குறும்பாக மாட்டி வைத்திருக்கிறார்கள்.

நீந்தாமல் இருப்பது எளிது. முதன்முறை போகிறவர்கள் தடுமாறுவது வேறோரிடத்தில். ஒன்சென் என்னும் வெந்நீர் ஊற்றுக் குளியலில் தொட்டி அழுக்குப் போக்கும் இடமே அல்ல; அந்த வேலை முன்பே முடிந்திருக்க வேண்டும். சுவரோரமாகக் குட்டை முக்காலிகள், கைக்குழாய், சோப்பு, சிறு வாளி எல்லாம் இருக்கும். உட்கார்ந்தே தேய்த்துக் குளிக்க வேண்டும். நின்றால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். நுரை துளியும் இல்லாமல் அலசிய பிறகே தொட்டிப் பக்கம் போகலாம். எல்லோரும் ஒரே நீரில் அமர்வதால்தான் இத்தனை கறார். நீளமுடி இருந்தால் தூக்கிக் கட்ட வேண்டும். கையிலிருக்கும் சின்னத் துண்டும் நீரில் படக் கூடாது. பலர் அதை மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள்.

நீச்சலுடைக்கும் பொதுவாக அனுமதியில்லை. கூச்சம் முதல் ஐந்து நிமிடம்தான், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. சில விடுதிகளில் இரண்டையும் நாளுக்கு நாள் மாற்றுவார்கள். நேற்றைய நினைவில் நுழையாமல் வாசல் திரையைப் பார்த்துப் போ.

தொட்டி நீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி. மெல்ல இறங்கி, சில நிமிடங்களில் எழுந்து, தண்ணீர் குடி. மது அருந்திவிட்டு இறங்குவது ஆபத்து. குசட்சு ஊரில் ஊற்று நீர் 50 டிகிரியைத் தாண்டும். பச்சைத் தண்ணீர் கலந்தால் தாதுச்சத்து நீர்த்துவிடும் என்பதால், நீண்ட மரப்பலகைகளால் துழாவி, பாட்டுப் பாடியே ஆற்றும் வழக்கம் அங்கே உண்டு. கந்தக நீரில் வெள்ளி கறுக்கும், மோதிரத்தைக் கழற்றிவிடு.

பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் விடமாட்டார்கள். யாகுசா என்னும் குற்றக் கும்பல்களை நினைவூட்டுவதால் வந்த தடை. கினோசாகி என்ற ஒன்சென் ஊரின் பொதுக் குளியலறைகளில் அந்தத் தடை இல்லை. அங்கே விடுதிக்காரர்கள் தரும் யுகாட்டா அங்கியோடு, மரச்செருப்பு டக் டக்கென ஒலிக்கத் தெருவில் நடந்தே ஒவ்வொன்றாகப் போகலாம். உடுத்தும்போது மட்டும் இடப்பக்கம் மேலே வரட்டும். மாற்றிக் கட்டுவது பிணத்துக்கு.

அன்புடன்,
அண்ணன்