கூடைப்பந்தாட்டத்தில் மாற்று ஆட்டக்காரரின் இடம்



பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளுக்குக் குழுவினர் தேர்ந்தெடுக்கப்படும் நாளில், அறிவிப்புப் பலகையின் முன் நீங்கள் கூடி நிற்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பட்டியலின் மேற்பகுதியில் பெயர் உள்ளவர் மகிழ்ச்சியால் துள்ளுகின்றார். 'மாற்று ஆட்டக்காரர்' என்னும் தலைப்பின் கீழே தம் பெயரைக் கண்டவரோ முகம் வாடித் திரும்புகின்றார். "நான் வெறும் மாற்றுதானே" என்று சிலர் கூறக் கேட்டதும் உண்டு. 'வெறும்' என்னும் அச்சொல் பொருத்தமானதுதானா? கூடைப்பந்தாட்டத்தைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஆட்டத்தின் தோற்றம்

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் தோன்றியது. கனடாவில் பிறந்து அங்கு ஆசிரியராகப் பணியாற்றிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரே இதனை வகுத்தார். கடுங்குளிர்க் காலத்தில் மாணவர்கள் கட்டடத்துக்குள்ளேயே ஆடத்தக்க ஓர் ஆட்டம் அவருக்குத் தேவைப்பட்டது. பீச் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் பொருத்தி, 13 விதிகளை எழுதி, ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடினர். 1897ஆம் ஆண்டளவில் பக்கத்துக்கு ஐவர் என்னும் முறை நிலைபெற்றது. இன்றும் அம்முறையே வழங்குகின்றது.

ஐவரும் ஐந்து பணிகளும்

திடலில் நிற்கும் ஐவருக்கும் பணி ஒன்றன்று. உயரமானவர் கூடையின் அருகே நின்று, எதிர்க்குழுவின் எறிதல்களைத் தடுப்பார். கூடையில் விழாது திரும்பும் பந்தைக் கைப்பற்றுவார். முன்னணி ஆட்டக்காரர் இருவர் பக்கங்களிலிருந்து கூடையை நோக்கிப் பாய்வர். தொலைவிலிருந்து குறிபார்த்து எறிபவர் ஒருவர். ஐந்தாமவரே 'பாயிண்ட் கார்ட்' எனப்படுபவர். இக்கட்டுரையில் அவரை 'வழிநடத்துநர்' என அழைப்போம்.

பந்தை எதிர்க்குழுவின் பகுதிக்குக் கொண்டு செல்பவர் வழிநடத்துநரே. யார் எங்கு நிற்கின்றார், யாருக்கு இப்பொழுது பந்தைத் தரவேண்டும், விரைந்து ஓடவேண்டுமா, நிதானிக்க வேண்டுமா என்பனவற்றையெல்லாம் நொடிப்பொழுதில் முடிவு செய்பவரும் அவரே. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதிப்படி, பந்தைப் பெற்ற குழு 8 வினாடிகளுக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும். 24 வினாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். படகுக்குச் சுக்கான் எப்படியோ, குழுவுக்கு வழிநடத்துநர் அப்படி எனலாம்.

ஒரு சிறு கணக்கு

அவ்விதிப்படி ஓர் ஆட்டம் 40 நிமிடங்கள் நிகழும். ஐவர் ஆடுவதால் ஒரு குழுவுக்கு மொத்தம் 200 ஆட்ட நிமிடங்கள் உள்ளன. அவற்றைப் பன்னிருவர் கொண்ட குழுவுக்குப் பங்கிட வேண்டியவர் பயிற்றுநர்.

முதல் வழிநடத்துநர் எவ்வளவு வல்லவராயினும் களைப்படைவார். ஐந்து தவறுகள் புரிந்தால் எஞ்சிய ஆட்டத்தில் அவர் பங்குபெற இயலாது. காயமோ நோயோ நேர்தலும் உண்டு. அவர் 32 நிமிடங்கள் ஆடினார் எனக் கொள்வோம். எஞ்சுவன 8 நிமிடங்கள். அதாவது 480 வினாடிகள். ஒவ்வொரு தாக்குதலுக்கும் 24 வினாடிகள் செலவாகுமெனின், அந்நேரத்தில் 20 தாக்குதல்கள் நிகழும். அவற்றுள் பத்து நம் குழுவினுடையவை. அப்பத்துத் தாக்குதல்களையும் நடத்தப் போகின்றவர் இரண்டாம் வழிநடத்துநர் ஆவார். பல ஆட்டங்கள் இரண்டு மூன்று புள்ளி வேறுபாட்டில் முடிகின்றன. எனவே, அந்த எட்டு நிமிடங்களை யாரேனும் ஒருவரைக் கொண்டு நிரப்பிவிடலாம் என்று எண்ணுவது பெரும் பிழையாகும்.

ஐந்தாண்டுகள் காத்திருந்தவர்

இனி ஒருவருடைய வரலாற்றைக் காண்போம். அவர் பெயர் கே. சி. ஜோன்ஸ். 1932ஆம் ஆண்டு டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1955, 1956ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் வாகை சூடிய சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகக் குழுவில் ஆடினார். 1956ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக் போட்டியில் தங்கப் பதக்கம் வென்ற அமெரிக்கக் குழுவிலும் இடம்பெற்றார். இத்தகைய சிறப்புடையவர், 1958ஆம் ஆண்டு பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவில் சேர்ந்தபொழுது மாற்று ஆட்டக்காரராகவே அமர நேர்ந்தது.

காரணம் யாது? அக்குழுவின் முதல் வழிநடத்துநர் பாப் கூசி. சக ஆட்டக்காரர்க்குப் பந்தளித்துப் புள்ளி பெறச் செய்வதில் எட்டுப் பருவங்கள் தொடர்ந்து அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் முதலிடம் பெற்றவர் அவர். அவரை அகற்றிவிட்டு வேறொருவரை நிறுத்த எந்தப் பயிற்றுநரும் துணியார்.

ஆயினும், பயிற்றுநர் ரெட் அவர்பாக், ஜோன்ஸைக் கூசியின் நிழலாக ஆக்க முயலவில்லை. கூசியின் திறன் பந்தளிப்பதில் இருந்தது. ஜோன்ஸின் திறன் எதிரியைத் தடுப்பதில் இருந்தது. எனவே, அவர் திடலில் இறங்கியதும் எதிர்க்குழுவின் வழிநடத்துநர்க்கு மூச்சுவிடவும் இடம் கிடைப்பதில்லை. மாற்று ஆட்டக்காரர் என்பவர் முதலாமவரின் மங்கிய படி அல்லர். குழுவுக்கு வேறொரு வலிமையைக் கொணர்பவர் என்பதை இதனால் அறிகின்றோம்.

1963ஆம் ஆண்டு கூசி ஓய்வு பெற்றார். அதன்பின் ஜோன்ஸ் முதல் ஐவருள் ஒருவரானார். 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு முறை பாஸ்டன் குழு வாகை சூடியது. அவ்வெட்டு வெற்றிகளிலும் ஜோன்ஸ் பங்குகொண்டார். அவற்றுள் ஐந்து அவர் மாற்று ஆட்டக்காரராக இருந்த காலத்தவை என்பதை நினைவில் இருத்துக! பின்னாளில் அவரே அக்குழுவின் பயிற்றுநராகி, 1984இலும் 1986இலும் வாகை சூடச் செய்தார். காத்திருந்து கற்றவர், மற்றவர்க்குக் கற்பிக்கும் தகுதியையும் பெற்றார்.

பன்னிரண்டு புள்ளிகள்

மற்றொரு நிகழ்ச்சி 2003ஆம் ஆண்டில் நடந்தது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் குழு, மேற்கு மண்டல இறுதிச் சுற்றின் ஆறாம் ஆட்டத்தில் டல்லாஸ் குழுவை எதிர்த்தது. முதல் வழிநடத்துநரான டோனி பார்க்கர் உடல் நலங்குன்றியிருந்தார். குழுவும் பின்தங்கியிருந்தது. அந்நிலையில் பயிற்றுநர் கிரெக் போப்போவிச், ஸ்டீவ் கெர் என்பவரைத் திடலுக்கு அனுப்பினார். அவருக்கு அப்பொழுது வயது 37. அவ்வாண்டுச் சுற்றுகளில் அவர் பெரும்பாலும் இருக்கையிலேயே அமர்ந்திருந்தவர்.

கெர் தொலைவிலிருந்து எறிந்த மூன்று புள்ளி எறிதல்கள் நான்கும் கூடையில் விழுந்தன. பன்னிரண்டு புள்ளிகள்! சான் அன்டோனியோ 90க்கு 78 என்னும் கணக்கில் வென்று, அவ்வாண்டின் வாகையையும் சூடியது.

இது நற்பேறு என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. அழைப்பு வருமா, வராதா என்று அறியாத நிலையிலும் பயிற்சியைக் கைவிடாத ஒருவருக்கே அழைப்பு வந்த கணத்தில் கை நடுங்காது. அவரை அழைக்கும் துணிவு பயிற்றுநருக்கு இருந்ததும் அதற்கு நிகரான காரணமாகும். அன்று அமர நேர்ந்த பார்க்கரும் அதனால் தாழ்ந்துவிடவில்லை. 2007ஆம் ஆண்டு இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரராக அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பயிற்றுநரின் கடமைகள்

திருக்குறளில் 'தெரிந்துவினையாடல்' என்றோர் அதிகாரம் உண்டு. தக்கவரை ஆராய்ந்து பணியில் அமர்த்தும் முறையை அது கூறுகின்றது. கூடைப்பந்துப் பயிற்றுநருக்கும் அதுவே தலையாய பணி. அவர் கடைப்பிடிக்க வேண்டியவை சில:

முதலாவது, உண்மையைக் கூறுதல். "உன் பணி இது, நீ ஆடப்போகும் நேரம் ஏறத்தாழ இவ்வளவு, காரணம் இது" என்று தனியே அழைத்துத் தெளிவுறச் சொல்ல வேண்டும். "அடுத்த ஆட்டத்தில் பார்ப்போம்" என்று நாள்தோறும் நம்பிக்கையூட்டி ஏமாற்றுவது, இடம் தர மறுப்பதைக் காட்டிலும் கொடியது.

இரண்டாவது, சேர்ந்து பயிலச் செய்தல். இரண்டாம் வழிநடத்துநர் மற்ற மாற்று ஆட்டக்காரருடன் மட்டுமே பயின்றால், முதல் ஐவரின் ஓட்டமும் குறிப்பும் அவருக்குப் புரியா. வாரந்தோறும் சில வேளை அவரையும் முதல் குழுவுடன் ஆடவிட வேண்டும்.

மூன்றாவது, நேரத்தை முறைப்படுத்தல். முதற் கால்பகுதியின் இறுதியில் தாம் இறங்குவோம் என்பது முன்னரே தெரிந்தால், அவர் மனத்தையும் உடலையும் ஆயத்தம் செய்துகொள்வார்.

நான்காவது, ஒரு தவறுக்காக உடனே வெளியேற்றாமை. பந்தைத் தவறவிட்டவுடன் வெளியே அழைக்கப்படுபவர், அடுத்த முறை பயிற்றுநரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆடுவார். திடலைப் பாராது இருக்கையைப் பார்ப்பவர் எவ்வாறு குழுவை வழிநடத்துவார்?

ஐந்தாவது, பணிகளை மறு ஆய்வு செய்தல். ஆண்டின் தொடக்கத்தில் எழுதிய பட்டியல் கல்லில் செதுக்கியதன்று. உழைத்து முன்னேறியவருக்கு நேரம் கூட வேண்டும்.

பள்ளிக் குழுவுக்கு மேலும் ஒரு கடமை உண்டு. ஊதியம் பெற்று ஆடும் குழுக்களுக்கு வெற்றியே முதல் நோக்கம். பள்ளியிலோ கற்றலே முதல் நோக்கமாகும். பத்து வயதில் குட்டையாக இருப்பவர் பதினைந்து வயதில் நெடிதுயர்ந்து நிற்கலாம். ஆதலின், 200 நிமிடங்களைப் பங்கிடும்பொழுது ஒருவரும் முற்றிலும் விடுபடாதவாறு பார்த்துக்கொள்வது ஆசிரியர் பொறுப்பாகும்.

மாற்று ஆட்டக்காரரின் கடமைகள்

இருக்கையில் அமர்ந்திருப்பது ஓய்வன்று; அதுவும் ஒரு பாடம். எதிர்க்குழுவின் வழிநடத்துநர் எக்கையால் பந்தைத் தட்டுகின்றார், எப்பொழுது களைக்கின்றார், எவருக்கு அடிக்கடி பந்தைத் தருகின்றார் என்பனவற்றை வெளியிலிருப்பவரே தெளிவாகக் காண இயலும். கண்டதை முதல் வழிநடத்துநர் இளைப்பாற வரும்பொழுது எடுத்துரைக்க வேண்டும். ஒருவர் இடத்துக்கு இருவர் போட்டியிடினும், இருவரும் ஒரே குழுவினர் அன்றோ? தோழன் தவறும்பொழுது உள்ளுக்குள் மகிழும் எண்ணம் எழுமாயின், அதனை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும்.

முதல் ஐவருக்கும் ஒரு சொல்: உங்கள் தோழர் ஆடும் எட்டு நிமிடங்களில் நீங்கள் இருக்கையிலிருந்து கைதட்டுகின்றீர்களா என்பதையும் நாம் கவனிக்கின்றோம்.

முடிவுரை

மாற்று ஆட்டக்காரர் அனைவரும் ஒருநாள் முதலிடம் பெறுவர் என்று நாம் கூறமாட்டோம், அது உண்மையன்று. சிலர் ஆண்டு முழுவதும் சில நிமிடங்களே ஆடுவர். ஆனால், அந்நிமிடங்களுக்கு ஆயத்தமாக இருந்தோமா என்பது நம் கையில் உள்ளது. பள்ளி நாடகத்திலும், பாடற்குழுவிலும், வகுப்புத் துப்புரவுப் பணியிலும் இவ்வுண்மையே பொருந்தும்.

ஆகவே, அடுத்த முறை அறிவிப்புப் பலகையில் உங்கள் பெயர் கீழ்ப்பகுதியில் இருக்கக் கண்டால், 'வெறும்' என்னும் சொல்லை விட்டுவிடுங்கள். "நான் மாற்று ஆட்டக்காரர்" என்று தலைநிமிர்ந்து கூறுங்கள். பிறகு, காலணியின் கயிற்றை இறுகக் கட்டிக்கொண்டு பயிற்சிக்கு வாருங்கள்.

சிந்தனை வினாக்கள்

1. முதல் வழிநடத்துநர் 28 நிமிடங்கள் ஆடினால், இரண்டாமவர் ஆடவேண்டிய நிமிடங்கள் எத்தனை? அந்நேரத்தில் நம் குழுவுக்கு ஏறத்தாழ எத்தனை தாக்குதல்கள் கிடைக்கும்?

2. கூசியின் திறனுக்கும் ஜோன்ஸின் திறனுக்கும் உள்ள வேறுபாடு யாது?

3. ஒரு தவறுக்காக ஆட்டக்காரரை உடனே வெளியேற்றுவதால் விளையும் தீமை யாது?

4. நீங்கள் பயிற்றுநராயின், 200 நிமிடங்களை உங்கள் குழுவிலுள்ள பன்னிருவருக்கு எவ்வாறு பங்கிடுவீர்கள்? காரணங்களுடன் எழுதுக.