யானைத் துவக்கும் நியூற்றனின் மூன்றாம் விதியும்
(தரம் 10, 11 விஞ்ஞானம் – மீட்டற் பாடம்)



பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயத்தை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். அது மேஜர் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அவர் 1,400 இற்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பின்னர் 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரும் பெயர்பெற்ற வேட்டைக்காரரே. 1840 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அவருக்காகச் செய்யப்பட்ட துவக்கின் நிறை 21 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 9.5 கி.கி. அதன் ஈயக் குண்டு 3 அவுன்சு, ஏறத்தாழ 85 கிராம்.

தூக்கிச் சுமக்க வேண்டிய துவக்கை ஏன் இவ்வளவு பாரமாகச் செய்தார்கள்? இதற்கான விடை உங்கள் பாடத்திலேயே உள்ளது.

1. பின்னுதைப்பு என்றால் என்ன?

வெடிமருந்து எரியும்போது உண்டாகும் வாயு, குண்டை முன்னே தள்ளுகிறது; அதே நேரம் துவக்கைப் பின்னே தள்ளுகிறது. துவக்கு இவ்வாறு பின்னோக்கி வந்து தோளில் இடிப்பதே பின்னுதைப்பு. நியூற்றனின் மூன்றாம் விதிப்படி, தாக்கமும் மறுதாக்கமும் பருமனிற் சமன், திசையில் எதிர்.

கவனிக்க: மாணவர் பலர் விடும் பிழைகள் இரண்டு.
(அ) “துவக்குப் பாரமானது, ஆகவே அதன்மீது தாக்கும் விசை சிறியது” என எழுதுவது பிழை. இரு விசைகளும் சமன். திணிவு கூடியதால் துவக்கின் ஆர்முடுகலே சிறியது.
(ஆ) “சமனும் எதிருமான விசைகள் ஒன்றையொன்று இல்லாமற் செய்யும்” என்பதும் பிழை. ஒரு விசை குண்டிலும் மற்றையது துவக்கிலும் தாக்குகின்றன. வேறு வேறு பொருள்களிலுள்ள விசைகள் ஒன்றையொன்று நீக்கா.

2. கணித்துப் பார்ப்போம்

சமனான விசைகள் சமனான நேரம் தாக்குவதால், இரண்டும் பெறும் உந்தங்களும் பருமனிற் சமன்.

உந்தம் = திணிவு × வேகம்

குண்டின் வேகம் 400 மீ/செக் எனக் கொள்வோம்.
குண்டின் உந்தம் = 0.085 × 400 = 34 கி.கி. மீ/செக்
துவக்கின் பின்னோக்கிய வேகம் = 34 ÷ 9.5 = ஏறத்தாழ 3.6 மீ/செக்

அதே குண்டை 4.75 கி.கி. துவக்கினாற் சுட்டால், பின்னோக்கிய வேகம் ஏறத்தாழ 7.2 மீ/செக். இயக்கசக்தியும் (½ × திணிவு × வேகத்தின் வர்க்கம்) ஏறத்தாழ 61 யூலிலிருந்து 122 யூலாக இரு மடங்காகும். அவ்வளவு சக்தியையும் தாங்க வேண்டியது சுடுபவரின் தோளே. பாரமான துவக்கைச் செய்வித்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இக்கணக்கில் வெடிவாயுவின் உந்தத்தை விட்டுவிட்டோம். அதையும் சேர்த்தால் பின்னுதைப்பு இன்னும் கூடும்.

3. பின்னுதைப்பின் தாக்கத்தைக் குறைக்கும் வழிகள்

• திணிவைக் கூட்டல்: மேலே கண்டோம்.

• குண்டின் திணிவை அல்லது வெடிமருந்தின் அளவைக் குறைத்தல்: உந்தம் குறையும்.

• இறப்பர் மெத்தை பொருத்தல்: தோளிற் பதியும் பிடங்கின் முனையில் இறப்பர் இருந்தால், துவக்கு ஓய்வுக்கு வர எடுக்கும் நேரம் கூடும். விசை = உந்த மாற்றம் ÷ நேரம். 34 கி.கி. மீ/செக் உந்தம் 0.01 செக்கனில் அழிந்தால் சராசரி விசை 3,400 நியூற்றன்; 0.02 செக்கனில் அழிந்தால் 1,700 நியூற்றன்.

• பிடங்கின் முனையை அகலமாக்கல்: விசை மாறாது, பரப்பளவு கூடுவதால் அமுக்கம் குறையும்.

• தோளோடு இறுக்கிப் பிடித்தல்: இடைவெளி விட்டால் துவக்கு வேகத்துடன் வந்து மோதும். இறுக்கிப் பிடித்தால் உடலின் திணிவும் துவக்குடன் சேர்ந்து அசையும்.

• குழல்வாயிற் பக்கத் துளைகள் இடல்: வாயு முன்னோக்கிச் செல்லாது பக்கமாகவும் பின்பக்கமாகவும் திரும்புவதால் பின்னுதைப்புக் குறையும். ஆனால் அருகிலுள்ளோருக்குச் சத்தம் மிகக் கூடுதலாகக் கேட்கும்.

இவற்றுள் இறப்பர் மெத்தையின் தத்துவத்தை நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள். தேயிலை மலையின் மேட்டிலிருந்து பாயும்போது முழங்காலை மடக்குவதும், கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னே இழுப்பதும் நேரத்தைக் கூட்டி விசையைக் குறைக்கவே.

யானை இன்று நம் நாட்டிற் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பதும் குற்றம். நமக்கு வேண்டியது அதிலுள்ள விஞ்ஞானம் மட்டுமே.

4. பயிற்சி

(1) 5 கி.கி. துவக்கிலிருந்து 0.02 கி.கி. குண்டு 500 மீ/செக் வேகத்தில் வெளியேறுகிறது. துவக்கின் பின்னோக்கிய வேகம் யாது?

(2) 40 கி.கி. திணிவுள்ள மாணவி 4 மீ/செக் வேகத்துடன் நிலத்தை அடைகிறாள். அவள் 0.1 செக்கனிலும், முழங்காலை மடக்கி 0.4 செக்கனிலும் ஓய்வுக்கு வந்தால் சராசரி விளையுள் விசைகள் யாவை?

(3) இறப்பர் மெத்தை உந்த மாற்றத்தைக் குறைக்கிறதா? விளக்குக.

விடைகள்: (1) 2 மீ/செக். (2) 1,600 நியூற்றன், 400 நியூற்றன். (3) இல்லை. உந்த மாற்றம் அதேதான். நேரம் கூடுவதால் விசை குறைகிறது.

மூன்றாம் வினாவுக்குப் புத்தகத்தை மூடி, சொந்த வசனத்தில் விடை எழுதிப் பாருங்கள். அது சரியாக வந்தால் இப்பாடம் உங்களுக்கு விளங்கிவிட்டது.