குப்பையிலிருந்து சாலை

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் நம் கிராமங்களில் பஞ்சாயத்துக் கூட்டம் கூடினால், அங்கு முதலில் எழும் பேச்சு பெரும்பாலும் சாலையைப் பற்றியதாகவே இருக்கும். சென்ற ஆண்டு போட்ட தார்ச்சாலை இவ்வாண்டு வெறும் ஜல்லியாகக் கிடக்கிறது. நெல் மூட்டை ஏற்றி வரும் வண்டி பள்ளத்தில் இறங்கித் திணறுகிறது. பேறுகாலப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வந்த வாகனம் ஊர் எல்லையிலேயே தயங்கி நிற்கிறது. அடுத்து எழும் பேச்சு குப்பையைப் பற்றியது. வாய்க்கால் மதகில் பிளாஸ்டிக் பைகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் கடைமடைக்குச் செல்லவில்லை என்பார் ஒருவர். மேயச் சென்ற பசு வயிறு உப்பி மாண்டது என்பார் மற்றொருவர்.

இவ்விரண்டும் வெவ்வேறு துன்பங்கள் என்றே நாம் நெடுங்காலம் எண்ணி வந்தோம். ஒன்றின் துணைகொண்டு மற்றொன்றைக் குறைக்க முடியும் என்பதை மதுரையில் ஒரு பொறியியற் கல்லூரியில் நடந்த ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. அந்த ஆராய்ச்சி யாது, அதன் செய்முறை என்ன, அதில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கவனிக்க வேண்டியவை எவை என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

தார்ச்சாலை ஏன் கெடுகிறது?

தார்ச்சாலை என்பது ஜல்லிக் கற்களைத் தாரினால் ஒட்டி அமைத்த ஒரு விரிப்பே ஆகும். பாரத்தைத் தாங்குவது கல். கற்களைப் பிரியாமல் பிடித்து வைப்பது தார். கல்லிலிருந்து தார் விலகினால் சாலை அழியத் தொடங்குகிறது.

தாரைக் கல்லிலிருந்து விலக்குவது எது? தண்ணீரே. எவ்வளவு உறுதியான கல்லாயினும் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. மழைநீர் விரிப்பின் இடுக்குகள் வழியாக இறங்கி இத்துளைகளில் தங்குகிறது. கல்லின் மேற்பரப்பு தாரைவிடத் தண்ணீரையே அதிகமாக விரும்பும் இயல்புடையது. ஆதலால், தேங்கிய நீர் தாருக்கும் கல்லுக்கும் இடையே புகுந்து தாரை மெல்ல உரித்துவிடுகிறது. அதன்மீது வண்டிச் சக்கரங்கள் ஓடும்பொழுது ஒட்டுதல் இழந்த கற்கள் ஒவ்வொன்றாகப் பெயர்கின்றன. ஒரு கல் பெயர்ந்த இடத்தில் நீர் மேலும் தேங்குகிறது. பக்கத்துக் கல்லும் பெயர்கிறது. உள்ளங்கை அளவில் தோன்றிய குழி, மழைக்காலம் முடிவதற்குள் வண்டியைக் கவிழ்க்கும் பள்ளமாகிவிடுகிறது. கோடையில் வேறொரு கேடு உண்டு. கடும் வெயிலில் தார் இளகுகிறது. பாரவண்டிகள் செல்லும் தடம் அழுந்திப் பள்ளமாகிறது.

எனவே, கல்லுக்குள் நீர் புகாதபடி தடுப்பதும், தார் எளிதில் இளகாதபடி செய்வதும் சாலைப் பொறியியலின் நீண்டகாலத் தேவைகளாக இருந்து வந்தன.

பிளாஸ்டிக்கின் குணமும் குற்றமும்

பிளாஸ்டிக் பையை நாம் வாங்குவதற்குக் காரணம் யாது? அது நனையாது, மக்காது, எடை குறைவு. அதே பை குப்பையானபின் நமக்குத் தொல்லை தருவதற்குக் காரணம் யாது? அது நனையாது, மக்காது, காற்றில் பறக்கும் அளவுக்கு எடை குறைவு. வீட்டில் குணமாக இருந்தது வீதியில் குற்றமாகிவிடுகிறது.

வயலில் புதைந்த பிளாஸ்டிக் தாள் நீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கிறது. சோற்று மணமும் பழத்தோல் மணமும் உள்ள பைகளை மாடுகள் விழுங்கிவிடுகின்றன. அவை செரிப்பதில்லை, சாணத்தோடு வெளியேறுவதும் அரிது. இரைப்பையில் பந்துபோல் திரண்டு தீவனத்திற்கு இடமின்றிச் செய்கின்றன. சிலர் குப்பையைக் குவித்துத் தீ வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுகின்றனர். இது பெருந்தவறு. தெருவில் எரியும் பிளாஸ்டிக் அரைகுறையாகவே எரிகிறது. அதன் புகை நச்சுடையது. முக்கியமாக, பி.வி.சி. என்னும் வகை எரியும்போது உயிருக்கு மிகக் கொடிய கேடு விளைவிக்கும் பொருள்கள் உண்டாகின்றன.

மதுரையில் நடந்த ஆராய்ச்சி

மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த இரா. வாசுதேவன் அவர்கள் இந்தக் குற்றத்தையே குணமாக மாற்ற முயன்றார். பிளாஸ்டிக்கும் தாரும் பெட்ரோலிய எண்ணெயை மூலமாகக் கொண்டவை; இரண்டும் ஏறத்தாழ ஓரினப் பொருள்கள். ஆகவே, இவை ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும் என்பது அவருடைய கருத்து.

தாரைக் காய்ச்சும்போதே பிளாஸ்டிக்கை அதில் கரைக்கலாமே என்று தோன்றும். அம்முறையும் உண்டு. ஆனால் அதில் மிகுதியாகக் கரைக்க முடியாது. கலவை பிரிந்துவிடாமல் காப்பதற்குத் தனிச் சாதனங்கள் வேண்டும். வாசுதேவன் கண்ட முறையின் சிறப்பு, பிளாஸ்டிக்கைத் தாரில் சேர்க்காமல் கல்லின்மேல் பூசியதே ஆகும். சூடேற்றிய ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துகள்களைத் தூவினால், அவை உருகிக் கல்லைச் சுற்றி மெல்லிய படலமாகப் படிகின்றன. கல்லின் நுண்துளைகள் அடைபடுகின்றன. அதன்பின் ஊற்றும் தார் அப்படலத்தோடு இறுகப் பிணைகிறது. இவ்வாறு செய்த கலவையை 72 மணி நேரம் நீரில் ஊறவைத்துப் பார்த்தபோதும் தார் கல்லிலிருந்து உரியவில்லை.

இம்முறையில் முதற் சாலைகள் 2002 ஆம் ஆண்டு போடப்பட்டன. 2006 இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 2018 ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

செய்முறை

முதலில், சேகரித்த பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். பிறகு அதை இயந்திரத்தில் இட்டுச் சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள துகள்களாக நறுக்க வேண்டும். ஜல்லியைச் சுமார் 160 முதல் 170 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றி, அதன்மேல் துகள்களைச் சீராகத் தூவிக் கிளற வேண்டும். ஒரு நிமிடத்திற்குள் கற்கள் எண்ணெய் தடவியவை போல் மின்னத் தொடங்கும். அதுவே படலம் படிந்ததற்கு அடையாளம். பின்னர் தாரைச் சேர்த்துக் கலந்து, வழக்கம் போல் பரப்பி, உருளை கொண்டு அழுத்த வேண்டும்.

இவ்வெப்பத்தில் நச்சுப் புகை எழாதா என்ற ஐயம் நியாயமானதே. பைகளும் உறைகளும் செய்ய உதவும் பாலிதீன், பாலிபுரொப்பிலீன் வகைகள் 110 முதல் 170 டிகிரிக்குள் இளகி உருகுகின்றன. அவை சிதைந்து வாயுவாக மாறுவது 270 டிகிரிக்கு மேல்தான். உருகுதல் வேறு, எரிதல் வேறு. இந்த இடைவெளிக்குள் வெப்பத்தை நிறுத்தி வைப்பதே இம்முறையின் உயிர்நாடி.

சாலைகளே சாட்சி

ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்ற பொருள் வீதியில் தோற்பதுண்டு. ஆதலால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்கெனவே போடப்பட்ட சாலைகளைப் பரிசோதிக்கச் செய்தது. சென்னை சம்புலிங்கம் தெரு, ஈரோடு, மதுரை வண்டியூர், விளாச்சேரி ஆகிய இடங்களில் 2002 முதல் அடுத்தடுத்த ஆண்டுகளில் போட்ட சாலைகள் இவ்வாய்வில் இடம்பெற்றன. வெறும் தாரினால் 2002 இல் போட்ட சாலை ஒன்றும் ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. பிளாஸ்டிக் கலந்த சாலைகளில் குழி விழுதலும், கல் பெயர்தலும், தடம் அழுந்துதலும் காணப்படவில்லை என்பது ஆய்வின் முடிவு.

2013 ஆம் ஆண்டு இந்தியச் சாலைப் பேரவை இதற்கென விதிமுறைகளை வெளியிட்டது. 2015 நவம்பரில், 5 லட்சத்திற்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டர் எல்லைக்குள் உள்ள நெடுஞ்சாலைகளில் இம்முறையைக் கையாள வேண்டும் என்று மத்திய அரசாங்கம் பணித்தது.

ஒரு சிறு கணக்கு

கிராமச் சாலையின் வழக்கமான அகலம் 3.75 மீட்டர். அத்தகைய சாலையில் ஒரு கிலோமீட்டர் நீளத்திற்கு மேல்விரிப்பு அமைக்க ஏறத்தாழ 10 டன் தார் தேவை என்று கொள்வோம். தாரின் எடையில் 8 சதவீதம் பிளாஸ்டிக் சேர்த்தால் அது 800 கிலோ ஆகும். ஏறத்தாழ அவ்வளவு தார் மிச்சமாகும்.

800 கிலோ என்பது எவ்வளவு? 5 கிராம் எடையுள்ள பை என்றால் 1,60,000 பைகள். ஊரில் 500 வீடுகள் இருந்து, வீடொன்றுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் தகுதியான பிளாஸ்டிக் சேருமாயின், ஒரு நாளைக்கு 10 கிலோ. 80 நாட்களில் 800 கிலோ. அதாவது, மூன்று மாதத்திற்குள் ஓர் ஊரின் குப்பை அவ்வூரின் ஒரு கிலோமீட்டர் சாலைக்குள் அடங்கிவிடும். நம் ஊரின் உண்மையான எண்களை இட்டு ஒவ்வொரு பஞ்சாயத்தும் இக்கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம்.

பஞ்சாயத்து கவனிக்க வேண்டியவை

1. பி.வி.சி. குழாய்த் துண்டுகள், பழைய செருப்பு, மின்கம்பி உறை ஆகியவற்றை ஒருபோதும் சேர்க்கலாகாது. சூடேற்றும்போது பி.வி.சி. நச்சு வாயுவை வெளியிடும்.

2. கறுப்பு நிறப் பைகளை விலக்க வேண்டும். பன்முறை உருக்கிச் செய்த பிளாஸ்டிக்கே பெரும்பாலும் கறுப்பாக வருகிறது. அதற்கு வலிமை இல்லை.

3. மண்ணும் தூசியும் 1 சதவீதத்திற்கு மேல் இருத்தல் கூடாது. ஈரம் இருக்கவே கூடாது. ஈரத்துகள் சுடுகல்லில் விழுந்தால் நீராவி எழும், படலம் ஒட்டாது.

4. வேலை நடக்கும் இடத்தில் வெப்பமானி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சூட்டை மதிப்பிடுவது போதாது.

5. கலவைக்குப் போகும் பிளாஸ்டிக்கை எடைபோட்டு ஏட்டில் பதிய வேண்டும். காகிதத்தில் 8 சதவீதம், கொப்பரையில் ஒரு கைப்பிடி என்ற நிலை வந்தால் ஆராய்ச்சியின் பயன் முழுவதும் வீணாகும். ஊர்ப்பணத்தில் நடக்கும் வேலையை அங்கத்தினர் நேரில் நின்று பார்ப்பது உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

இதன் எல்லை எது?

எந்த மருந்துக்கும் எல்லை உண்டு. அடித்தளம் உறுதியாக இல்லாத சாலையை மேற்பூச்சு காப்பாற்றாது. களிமண் மீது சரியான சரளை அடுக்கின்றிப் போட்ட சாலையும், நீர் வடிய ஓரச்சாய்வும் வடிகாலும் இல்லாத சாலையும், எதைக் கலந்து போட்டாலும் அமிழ்ந்தே தீரும். முதலில் வடிகால், பிறகே மேல்விரிப்பு.

சாலை தேயும்பொழுது பிளாஸ்டிக்கின் நுண்துகள்கள் மண்ணிலும் நீரிலும் சேரக்கூடுமா என்ற வினாவை ஆராய்ச்சியாளர்கள் இன்று எழுப்பி வருகின்றனர். இவ்வினாவை நாம் அலட்சியம் செய்யலாகாது. சாலை தேயாமல் பராமரிப்பதும், பழுதான பகுதியை உடனே செப்பனிடுவதும் இந்த அச்சத்தைக் குறைக்கும் வழிகளாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. குப்பை சாலைக்கு உதவுகிறது என்பதற்காகக் குப்பையைப் பெருக்குவது அறிவுடைமையாகாது. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசாங்கம் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. கடைக்குத் துணிப்பை எடுத்துச் செல்வதே முதற்கடமை. அதன் பிறகும் பால் உறை, எண்ணெய் உறை என்று வீட்டிற்கு வந்து சேர்வன உண்டல்லவா? அவற்றிற்கே இந்தச் சாலை.

நாம் செய்யக்கூடியது

இம்முறைக்குப் பெரிய ஆலை வேண்டியதில்லை. வழக்கமான தார்க்கலவைச் சாதனமும் நறுக்கும் இயந்திரமும் போதும். ஒவ்வோர் ஊராட்சியும் தனித்தனி இயந்திரம் வாங்குவதைக் காட்டிலும், ஒன்றியத்திற்கு ஒன்றாக அமைத்துக்கொள்வது சிக்கனம். தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், ஒன்றிய அளவில் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை நிலையம் அமைக்க உதவித்தொகைக்கு வழி செய்யப்பட்டுள்ளது. அடுத்த கிராம சபையில் இதைப் பற்றிக் கேட்டறிந்து தீர்மானம் கொண்டுவருதல் நன்று.

ஆயினும், இயந்திரம் பின்னர் வருவது. வீட்டு வாசலே முதலில் வருவது. எச்சில் படிந்த பையைச் சோற்றுக் குப்பையோடு சேர்த்து எறிந்துவிட்டு, அதைப் பிரிக்கும் பொறுப்பைத் தூய்மைக் காவலரின் வெறுங்கைகளுக்கு விட்டுவிடுவது நியாயமன்று. பால் உறையை வெட்டி, ஒரு குவளை நீரில் அலசி, கொடியில் உலர்த்தி, தனிச் சாக்கில் இட்டுவைக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை வீட்டார் தராவிட்டால், பேராசிரியரின் ஆராய்ச்சியும் பொறியாளரின் திறமையும் நம் ஊர் எல்லையைத் தாண்டி உள்ளே வரமாட்டா.

அடுத்த மழைக்காலத்தில் நம் மதகுகள் அடைபடாமல் நீர் ஓடவும், நம் மாடுகள் புல்லை மட்டும் மேயவும், இரவில் அவசரமாகப் புறப்படும் வாகனம் தயங்காமல் நம் தெருவுக்குள் வந்து செல்லவும் வேண்டுமானால், அதற்கான வேலையை இன்றே ஒரு சாக்குப் பையுடன் தொடங்குவோமாக.